கோணி ஊசியும் செம்புக் கம்பியும்

சொந்தக் கார் வைத்திருக்கும் ஆண்பிள்ளை எவனிடமும் இரண்டு பொய்கள் எப்போதும் தயாராக இருக்கும். சிநேகிதர்களிடம் வண்டி பறக்கிறது என்பான். பெண்டாட்டியிடம் வண்டி பெட்ரோலே குடிப்பதில்லை என்பான். ஆள் வேறு வேறாக இருக்கும்வரை ஆபத்தில்லை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த ஆளும் சாதாரண ஆள் இல்லை, பெட்ரோல் கூப்பன் கொடுக்கும் அதிகாரி.

யுத்த காலம் அது. பெட்ரோல் சர்க்கார் கொடுக்கும் மாசக் கூப்பனுக்குத்தான் அளந்து கிடைக்கும். பஸ்களெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடின. அரியலூரில் வெள்ளைச் சட்டையோடு ஏறியவரைப் பெரம்பலூரில் இறங்கும்போது சொந்தத் தம்பியே யாரென்று கேட்பான். அப்படிப்பட்ட காலத்தில்தான் கீழப்பழுவூரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு கார் வாய்த்தது. பெரம்பலூரில் பருத்தி வியாபாரம் செய்த என் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் பழசாக வாங்கிய பச்சை நிறக் குட்டிக் கார். ஏழு குதிரைச் சக்தி என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதில் நாலைந்து குதிரைகள் அந்த இன்ஜினீயரோடு கப்பல் ஏறிவிட்டன என்பது கல்யாணம் முடிந்து ஊர் திரும்பும்போதே தெரிந்துவிட்டது.

ஏரிக்கரை மேட்டில் வண்டி ஏறாமல் நின்றது. புதுப்பெண் கமலம் கூறைப்புடவையோடு இறங்கி நடந்தாள். மாலையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு நான் பின்னாலிருந்து தள்ளினேன். அந்த நேரம் பார்த்துக் கரி பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "ஏம்பா, பொண்ண வேணா இதுல ஏத்தி வுடு. நீ காரத் தூக்கிக்கிட்டு பின்னால வா."

கமலம் சிரித்துவிட்டாள். கல்யாணமாகி அவள் முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

நான் திருச்சியில் இன்டர்மீடியட் படித்துத் தேறாமல் வந்தவன். தேறாதவனுக்கு இயந்திரங்களிடம் இருக்கும் தைரியம் தேறியவனுக்கு வராது. புத்தகத்தில் படம் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள்ளே பித்தளையில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதன் வழியாகத்தான் பெட்ரோல் வருகிறது. துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம் வரும், பெட்ரோல் அதிகம் வந்தால் சக்தி அதிகம் வரும். (இதற்கு எதற்கு ஒருத்தன் சீமையில் போய்ப் படிக்க வேண்டும்?) நெல் மூட்டை தைக்கும் கோணி ஊசியை எடுத்துத் துளையைக் குடைந்தேன்.

வண்டி மேடு ஏறியது. ஏறிய கையோடு மாசக் கூப்பன் பெட்ரோலை ஒரே வாரத்தில் குடித்துத் தீர்த்தது.

உடனே சிக்கனத்தில் இறங்கினேன். குடைந்த துளைக்குள் ஒரு செம்புக் கம்பியை நுழைத்தேன். குடி குறைந்தது. கூடவே மேடு ஏறும் வழக்கமும் போய்விட்டது. ஆக, கம்பி உள்ளே இருந்தால் சிக்கனம், உருவினால் வேகம். மேடு வந்தால் இறங்கிப் பானட்டைத் திறந்து கம்பியை உருவுவேன். ஏறிய பிறகு மறுபடி இறங்கி நுழைப்பேன். நடுவில் கம்பி தொலையாமல் இருக்கக் கமலம் அதைத் தன் கொண்டையில் செருகிக்கொள்வாள். பூவும் கம்பியுமாக அவள் காரில் வரும் அழகைப் பார்த்து, பழுவூர்ப் பெண்கள் அது பெரம்பலூர் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில் தலைதீபாவளி வந்தது. மாமனாருக்கு "காரில் வருகிறோம்" என்று நான் கடிதம் போட்டுவிட்டேன். கமலம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"எங்க அக்கா வூட்டுக்காரரு வில்வண்டியில வந்து எறங்குவாரு. நாம கார்ல போயி வாசல்ல எறங்கணும். நடுவுல எங்கயும் நான் எறங்கி நடக்க மாட்டேங்க. கம்பியும் சொருகிக்க மாட்டேன்."

கம்பி இல்லாமல் பெரம்பலூர் போய்த் திரும்ப வேண்டுமானால் கூடுதல் கூப்பன் வேண்டும். உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக நான் வயல் வயலாகக் காரில் அலைவதாகவும், என் கார் மிகுந்த தாகமுள்ள கார் என்றும் விண்ணப்பம் எழுதினேன். (வரப்பில் கார் போகுமா என்று யாரும் கேட்கவில்லை. சர்க்கார் அவ்வளவு நல்ல சர்க்கார்.) தாகத்தை மட்டும் நேரில் பார்க்க அரியலூரிலிருந்து அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. அவர் கரி பஸ்ஸில் வருவார். திரும்பும்போது என் காரிலேயே அரியலூர் வரைக்கும் வந்து, எவ்வளவு பெட்ரோல் குறைகிறது என்று பார்ப்பார்.

எனக்குக் கை பரபரத்தது. அவர் வருகிற அன்று காலையில் கம்பியை உருவிக் கமலத்திடம் கொடுத்தேன். இதுவரை குடித்ததும் போதாது, அதிகாரி மூர்ச்சை போட்டு விழ வேண்டும் என்று கோணி ஊசியை எடுத்து இன்னும் ஒரு சுற்றுக் குடைந்தேன்.

அதிகாரி நல்ல பருமன், நல்ல வியர்வை, அதைவிட நல்ல பசி. கமலம் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, கெட்டித் தயிர் ஊற்றி, பால் பணியாரத்தோடு முடித்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார்.

"வண்டி எப்படிக் குடிக்குது மிஸ்டர்?"

"யானை குடிக்கிற மாதிரி சார்."

"நேத்து மீன்சுருட்டியில ஒருத்தர். ஓடாத வண்டிக்குக் கூப்பன் வாங்கி வித்துக்கிட்டு இருந்தார். அடியோட ரத்துப் பண்ணிட்டுத்தான் வந்தேன். ஓடாத வண்டிக்கு ஒரு சொட்டுக் கிடையாது."

"நியாயம் சார்" என்று நான் இன்னும் இரண்டு பணியாரம் வைத்தேன்.

கிளம்பும்போது அவர் தன் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து டாங்கிக்குள் விட்டு, ஈரம் ஏறிய இடத்தில் கோடு கிழித்துக்கொண்டார். பிறகு பின்சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊர் எல்லை தாண்டும் முன்பே குறட்டை வந்துவிட்டது.

குறட்டை வந்ததும் இன்ஜின் சத்தம் போய்விட்டது. கறுப்பாக ஒரு புகை, இருமல், அவ்வளவுதான். திறந்து பார்த்தேன். நான் குடைந்த குடையலில் பெட்ரோல் வெள்ளமாக வந்து உள்ளே எல்லாவற்றையும் நனைத்து வைத்திருந்தது. கம்பியை நுழைத்தால் ஒருவேளை பிழைக்கும். கம்பி கமலத்தின் கொண்டையில் இருந்தது.

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இவர் கண் விழித்தால் இது ஓடாத வண்டி. ஒரு சொட்டுக் கிடையாது. தலைதீபாவளிக்குக் கார் கிடையாது. அக்கா வீட்டுக்காரர் மட்டும் வில்வண்டியில் வந்து இறங்குவார்.

அப்போதுதான் பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது. மாமனார் வீட்டு வண்டிக்காரர் சின்னசாமி. எங்கள் வீட்டில் கடலை விதை மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு பெரம்பலூர் திரும்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க மாப்ள, நின்னுடுச்சுங்களா?"

"மெதுவாப் பேசுங்க. உள்ள ஆபீசர் தூங்குறாரு."

சின்னசாமி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "நல்ல தூக்கந்தாங்க. வண்டியில கயிறு கெடக்குது. கட்டி இழுத்துட்டுப் போயிடலாங்களா?"

கட்டினோம். முன்னால் ஒரு மயிலைக் காளை, ஒரு செவலைக் காளை. நடுவே கட்டை வண்டி. பின்னால் சீமைக் கார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான். சின்னசாமி பாவம், மாட்டை அதட்டுவதைக்கூடக் காதோடு சொல்வது போலச் சொன்னார். எதிரே வந்தவர்களெல்லாம் ஓரமாக நின்று பார்த்தார்கள். சிலர் பெரிய மனிதர் யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

பாதி வழியில் அதிகாரி கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்ன மிஸ்டர், மணிச் சத்தம்?"

"இன்ஜின் நல்ல நெலமையில இருந்தா அப்படித்தான் சார் கேக்கும்."

"ம்" என்று மறுபடி தூங்கிவிட்டார். கமலத்தின் பணியாரத்துக்கு அன்று நான் கும்பிடு போட்டேன்.

அரியலூர் எல்லையில் கயிற்றை அவிழ்த்து, சின்னசாமியும் நானுமாகத் தள்ளி ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதிகாரி எழுந்து சோம்பல் முறித்தார்.

"இருட்டப் போகுதே?"

"உங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு நிதானமா ஓட்டினேன் சார்."

"அருமையான வண்டி. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. சத்தமே இல்ல."

குச்சியை விட்டார். எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி விட்டார். ஈரம் பழைய கோட்டிலேயே நின்றது. கடுகளவு குறைந்திருந்தால் அதிகம்.

"கீழப்பழுவூர்லேருந்து இவ்வளவு தூரம். இவ்வளவுதானா குடிச்சுது?"

உண்மையைச் சொன்னால் ஓடாத வண்டி. சொல்லாவிட்டால் குடிக்காத வண்டி. எது தேவலை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் என் தோளில் கை வைத்து, "எப்படி மிஸ்டர் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டார். அதுவரை என் இயந்திர ஞானத்தைப் பற்றி என்னிடம் யாரும் மரியாதையாகக் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒரு செம்புக் கம்பி சார்" என்று ஆரம்பித்து, சக்தியும் சிக்கனமும் ஒரே வண்டியில் சேர்ந்து இருக்கும் தத்துவத்தை அவருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் மெய்மறந்து கேட்டார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. இத்தனை குறைவாகக் குடிக்கும் வண்டிக்கு இப்போது கொடுக்கும் கூப்பனே அதிகம் என்று அதையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அதோடு போனதா? அரியலூரில் கார் வைத்திருந்த மற்றவர்களையும் அதிகாரி கூப்பிட்டு, கீழப்பழுவூர்க்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கூப்பனிலும் கை வைத்துவிட்டார். அரிசி மில் முதலாளி ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு இரண்டு முறை வீட்டுக்கே வந்தார். இரண்டு முறையும் நான் வயலில் உணவு உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், நடந்து போய்.

தலைதீபாவளிக்குச் சின்னசாமியின் கட்டை வண்டிதான் வந்தது. கமலம் வழி நெடுக என்னோடு பேசவில்லை. நானும் சின்னசாமியின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

மாமனார் வீட்டு வாசலில், கார் வந்து நிற்பதற்கென்று இடம் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. அக்கா வீட்டுக்காரரின் வில்வண்டி தள்ளி நின்றது. கோலத்துக்கு நடுவே பெரிய வைக்கோல் கட்டு ஒன்று, பக்கத்தில் ஒரு தொட்டி நிறையக் கழுநீர். மாமனார் கைகூப்பி வரவேற்றார். வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை, அப்படிப்பட்ட மனிதர்.

"வாங்க மாப்ள. காரு பின்னால வருதுங்களா? அதுக்குத்தான் தீனி வெச்சிருக்கேன்."

கமலம் அப்போது சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாம் தடவையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமனார் கேலிதான் செய்தாரா, நிஜமாகவே உபசரித்தாரா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கும் தைரியமும் வரவில்லை.

போன மாதம் என் மகன் புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்தான். அதன் வேகத்தைப் பற்றி என்னிடம் ஒரு பொய் சொன்னான், அதன் சிக்கனத்தைப் பற்றி அவன் பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொன்னான். கமலம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அதெல்லாம் சரிடா. கட்டு வைக்கோலுக்கு எத்தன மைலு தரும்?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கை மட்டும் தானாகப் போய், நரைத்த கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.