ஓடைப் புழுவுக்கு ஒரு நோட்டீஸ்

ஆக்கிரமிப்பு அகற்றிய வரலாற்றை யாரேனும் எழுதினால் முதல் பக்கத்தில் சர்வேயர் கந்தவேலின் பெயர் இருக்க வேண்டும். இரண்டாம் பக்கம் ஒரு புழுவுக்கு. அதற்குப் பெயர் இல்லாதது அதன் துரதிருஷ்டம்.

பனமரத்துப்பட்டிக்கு அப்பால் மலையடிவாரத்தில் வள்ளியாத்தாளுக்கு ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. பாய்ச்சல் ஓடைத் தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி காளியப்பன் மேலே ஓடையை ஒட்டி, சற்று அதிகமாகவே ஒட்டி, கல்யாண மண்டபம் கட்டினார். தண்ணீர் நூலாகிவிட்டது. 'ஓடைக்குள் கட்டடம்' என்று அவள் மனுக் கொடுத்தாள்.

கந்தவேல் கடமை தவறாதவர். முதலில் மண்டபத்தில் இறங்கி இரண்டு இளநீரை 'ஆய்வு' செய்தார். பிறகு ஓடைக்கு வந்து ஒரு கல்லைப் புரட்டினார். அடியில், மணலால் ஆன விரற்கடை நீளக் குழல் ஒன்று நகர்ந்தது.

"என்னம்மா இது?"

"புழுவோட ஊடுங்க சாமி. மணலை எச்சல்ல ஒட்டிக் கட்டிக்கும். ஜில்லுனு ஓடற இந்த ஓடைத் தண்ணியில மட்டுந்தான் இருக்கும்."

"ஓடைக்குள்ள கட்டடம். நீங்க எழுதுனது சரிதான்."

"நான் எழுதுனது மண்டபத்தைங்க."

"மனுவுல பேரு போடலீங்களே. இதுக்கு அனுமதி வாங்கியிருக்குதா?"

"ஆறு காலு இருக்குதுங்க. கையெழுத்துப் போடத்தான் கையில்லை."

"மணல் ஏது?"

"ஓடையில அள்ளுனதுதானுங்க."

"மணல் திருட்டு வேற," என்று குறித்துக்கொண்டார்.

பாறையில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அவகாசம் பதினைந்து நாள். பதினாறாம் நாள் ஓடையே காய்ந்து கிடந்தது. கல்லுக்கடியில் ஒரு குழலும் இல்லை. 'ஆக்கிரமிப்பாளர் தாமாகவே காலி செய்தார்' என்று கோப்பு மூடப்பட்டது.

"கிழங்கு வாடுதுங்களே சாமி. தண்ணி எங்க போச்சுங்க?"

"அது வேற மனுங்கம்மா."

இத்தகைய அலுவலரைப் பாராட்டாமல் விடலாமா? காளியப்பன் தம் மண்டபத்திலேயே விழா எடுத்தார். மனுதாரர் என்ற மரியாதையில் வள்ளியாத்தாளுக்கும் பந்தியில் இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் குழாயைத் திறந்தாள். ஜில்லென்று கொட்டியது. கூடவே ஒரு மணல் குழல் உள்ளங்கையில் விழுந்து மெல்லத் தலை நீட்டியது.

அதை அப்படியே ஏந்திக்கொண்டு மேடையேறி, கந்தவேலின் பொன்னாடை மேல் வைத்தாள்.

"காலி பண்ணுனவரு இங்கதான் குடி வந்திருக்காருங்க சாமி. ஓடையும் கூடவே வந்திருச்சு. அந்த நோட்டீஸை இப்ப எந்தச் செவுத்துல ஒட்டறீங்க?"