ரோஸ் கலர் எஃகு

பன்னிரண்டு எஃகு உருளைகளிலும் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டது வேறு யாருமில்லை, ஃபோர்மேனின் சொந்த மனைவிதான்.

அவருக்கு உருக்குகிற வேலை. அவளுக்குச் சோதிக்கிற வேலை. விமானம் செய்கிறவர்கள் கேட்கிற எஃகைக் கொடுத்து மாளாமல், ஆலை பழைய உலைக்குப் பக்கத்தில் புது உலை ஒன்றைக் கட்டி, அதை ஃபோர்மேன் பொறுப்பில் விட்டிருந்தது. விமானச் சக்கரத்தைத் தாங்கும் கால் செய்வதற்கான முதல் ஆர்டர் சரக்கைப் பார்க்க, வாங்குகிறவர்கள் நாளை மறுநாள் வருகிறார்கள்.

"உன் ஃபர்னஸ் சரக்கு அத்தனையும் விரிசலாம்யா! வீட்டுல பேசி, சரக்கு பாஸ்னு கையெழுத்து வாங்கு. இல்லன்னா இந்தப் பக்கமே வராதே" என்று குதித்தார் மேனேஜர்.

அன்று மாலை ஃபோர்மேன் காய் நறுக்கிக் கொடுத்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"என்ன வேணும், நேரா சொல்லுங்க" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா."

"மாட்டேன்."

"புருஷன் மானம் போகுதேன்னு..."

"என் மேசைக்கு நம்பர்தான் வரும். புருஷன் வரமாட்டார்."

"மயிரிழை விரிசல்தானேம்மா?"

"முந்நூறு பேரைச் சுமந்துட்டுத் தரையில இறங்கும்போதும் மயிரிழையாவே இருக்குமா?"

"சரி, இன்னொரு தடவை சோதிச்சுப் பாரேன்" என்று கெஞ்சினார்.

காலையில் சோதித்துப் பார்த்தாள். முதலில் மயிரிழையாகத் தெரிந்த விரிசல் இப்போது விரல் நீளம் தெரிந்தது. முனையில் மட்டும் இருந்த சிவப்பை, வாசலிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி உருளை முழுக்கப் பூசிவிட்டாள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் சொன்னால் தங்கை கேட்பாள் என்று ஃபோர்மேன் மச்சானை வரவழைத்தார். வியாபாரத்துக்காக வாரம் இரண்டு தடவை விமானம் ஏறுகிற ஆள் அவர். தங்கையிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்பிள்ளை, நாளைக்கு எடுத்த டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். இனிமே ரயில்தான்."

"மச்சான், நீங்க பேச வந்தது..."

"பேசிட்டேனே. கையை வெட்டினாலும் கையெழுத்துப் போடாதேன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் காலை மேனேஜர் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் ஃபோர்மேன் கையில் திணித்தார். "மூடுய்யா சிவப்பை! கார் வந்தாச்சு."

ஃபோர்மேன் பூசினார். சிவப்பு இன்னும் சரியாகக் காயவில்லை. வெள்ளையும் அதுவும் குழைந்து, முதல் உருளை அழகான ரோஸ் நிறத்துக்கு வந்தது. பதறிப்போய் இன்னும் அழுத்தித் தேய்த்தார். இரண்டாவதும் ரோஸ்.

"இதென்ன கலர்?" என்றபடி வாங்குகிறவர்கள் வந்து நின்றார்கள்.

"துரு பிடிக்காம இருக்க, சார்! எங்க புதுக் கண்டுபிடிப்பு" என்றார் மேனேஜர், கண் இமைக்காமல்.

கொட்டகை வாசலில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஃபோர்மேன் அவளைப் பார்த்தார். கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டெறிந்தார். தெறித்த பெயிண்ட் மேனேஜர் சட்டையில் விழுந்தது.

"துருவும் இல்ல, மண்ணும் இல்ல. விரிசல்! என் ஃபர்னஸ்ல வந்தது. கண்டுபிடிச்சவ என் பெண்டாட்டி. வேலையை விட்டுத் தூக்கறதா இருந்தா இப்பவே தூக்குங்க. ஆனா இதுல ஒண்ணு வாசலைத் தாண்டணும்னா, என்மேல லாரியை ஏத்திட்டுத்தான் தாண்டணும்!"

மேனேஜர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேலே கிரேன் ஓட்டுகிற பெண் கூண்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"அண்ணே, உங்க ஃபர்னஸ் சரக்கு போன வாரமே பாஸாகி லாரி ஏறிருச்சு! அது ஆர்டருக்குப் பத்தலன்னு மேனேஜர் சாரே பக்கத்துல நின்னு பழைய ஃபர்னஸ்ல அவசரமா உருக்க வச்சதுண்ணே இது!"