என் பங்குத் திலகத்தை நாய்க்கே வைத்துவிடு

மரியாதைக்குரிய அக்கா ஜஸ்மாயா அவர்களின் திருவடிகளுக்கு, முக்லிங் சாலையில் நேற்று மாலையிலிருந்து நகராமல் நிற்கும் பேருந்தின் கடைசி இருக்கையிலிருந்து தம்பி கிம் பகதூர் புன், மடிமேல் மூட்டையும் மூட்டைமேல் காகிதமுமாக உட்கார்ந்து எழுதுவது. தாங்களும் அத்தானும் மாடும் கன்றும் எல்லாத் தெய்வங்களின் அருளாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால்கள் இரண்டைத் தவிர மற்ற அனைவரும் சுகம்.

தாங்கள் என் போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டி ஒரு வருஷம் ஆகிறது. காரணம் எனக்குத் தெரியும். தங்கள் கையால் திலகம் வைத்துக்கொள்ளப் போன திஹார் பண்டிகைக்கும் நான் வரவில்லை, அதற்கு முந்தின திஹாருக்கும் வரவில்லை. ஆனால் அக்கா, வருஷம் முழுக்க ஈ ஓட்டும் என் லாட்ஜில் டூரிஸ்ட்டுகள் வந்து சாப்பாட்டு மேஜைக்கு அடியிலெல்லாம் படுத்துத் தூங்குவது சரியாகத் திஹார் மாதத்தில்தான் என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்? மழை விட்டு வானம் வெளுத்தால்தான் அவர்களுக்குப் பனிமலை தெரிகிறது. போன வருஷம் நான் போன் செய்து இதையெல்லாம் விளக்கியபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "வராதடா, வராத. வெள்ளைக்காரனுக்கு வெந்நீர் போட்டுக் குடுத்துக்கிட்டு அங்கயே கெட. நாய்த் திருநாள் அன்னிக்கு எப்படியும் காலேவுக்குப் பொட்டு வைக்கிறேன்ல, ஒன் திலகத்தையும் அதுக்கே வச்சுடறேன். அதுவாச்சும் வீட்டோட கெடக்கு" என்றாய். சொன்ன கையோடு போனை வைத்தாய். தாங்கள் என்று தொடங்கி நீ என்று வந்துவிட்டது, மன்னிக்கவும், பேருந்து குலுங்குகிறது. நிற்கிற பேருந்து எப்படிக் குலுங்கும் என்று கேட்காதே. உள்ளே ஒருத்தர் அழுகிறார், அவர் கதை பின்னால் வருகிறது.

இந்த வருஷம் நான் கிளம்பியதே என் வீட்டுக்காரி தில்சரியால்தான். அறை எல்லாம் நிரம்பி, சமையலறையில் நாலு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தபோது என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். "கெளம்புங்க. லாட்ஜ நான் பாத்துக்கறேன். ஒங்க அக்கா கையால திலகம் வச்சுக்காம இந்தப் படி ஏறினீங்கன்னா, டூரிஸ்ட்டு மாதிரி வெளிய நின்னு ரூம் இருக்கான்னு கேக்க வேண்டியதுதான். இல்லன்னு சொல்லிடுவேன்" என்றாள். என் பையை எலி தின்றுவிட்டதால், ஒரு ஹாலந்துக்காரன் மறந்துவிட்டுப் போன ஊதா நிற முதுகுப் பையில் உனக்கு வாங்கிய சால்வையையும், திலகத்துக்கு முன்னால் யமனை விரட்ட வாசலில் உடைப்பதற்கு நீ ஒவ்வொரு வருஷமும் கேட்கிற நம் மலை அக்ரூட் கொட்டைகளையும் அடைத்தாள். கூடவே யாரோ மறந்த தொப்பி, யாரோ மறந்த கறுப்புக் கண்ணாடி, யாரோ மறந்த இரண்டு ஊன்றுகோல்கள். நம் லாட்ஜில் மறந்துவிட்டுப் போன சாமான்களை வைத்து ஒரு முழு டூரிஸ்ட்டையே செய்யலாம். செய்து அனுப்பினாள்.

ஜீப் ரோட்டை மலைச்சரிவு கொண்டுபோய்விட்டதால், உல்லேரிப் படிக்கட்டு வழியாக நடந்தே இறங்கினேன். அந்தப் படிகளைப் பற்றி நான் எத்தனை டூரிஸ்ட்டுகளிடம் "முழங்காலுக்கு ரொம்ப நல்லது" என்று சொல்லியிருப்பேன்! இறங்கி முடிப்பதற்குள் என் இரண்டு முழங்கால்களும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன. அடிவாரத்து டீக்கடையில் போய் விழுந்தேன். புதிதாகக் கடை வைத்தவள் போலிருக்கிறது, என்னைத் தெரியவில்லை. என் தொப்பியையும் கண்ணாடியையும் நம் சப்பை மூக்கையும் பார்த்துவிட்டு, "ஜப்பானா, கொரியாவா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் நம் பாஷையிலேயே, "புன்னுங்க. மேல கோரேபானி" என்றேன்.

"அடேங்கப்பா! என்னமாப் பேசறாரு பாருங்க! எத்தன வருஷமாக் கத்துக்கிட்டீங்க?"

"பொறந்ததுலேர்ந்து."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் புருஷனிடம் கத்தினாள்: "ஏங்க, ஜப்பான்ல பொறந்ததுலேர்ந்தே நம்ம பாஷைய சொல்லித் தர்றாங்களாம்! நம்ம பையனுக்கு அ, ஆ வரல!"

தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். வழுக்கையைப் பார்த்து, ஜப்பானில் குளிர் அதிகம் அதனால் முடி கொட்டும் என்று புருஷன் விளக்கம் சொன்னான். டீக்கு டூரிஸ்ட் விலை போட்டார்கள். நான் பேரம் பேசியதும், "ஜப்பான்காரங்க பேரம் பேச மாட்டாங்கன்னு சொல்வாங்களே" என்று அவள் முகம் வாடிப்போனது. எனக்கே பாவமாகிவிட்டது, கொடுத்துவிட்டேன். பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "தோ, அரை மணி" என்றாள். அக்கா, அந்த அரை மணியை நான் அறிவேன். அதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன். வெயில் சாயும்வரை நடந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கிளம்பும்போது அவள் ஓடிவந்து என் பையில் பண்டிகைக்குச் சுட்ட நாலு செல் ரொட்டியைச் சொருகினாள். "ஒங்க ஊர்ல திஹாரெல்லாம் இருக்காது, பாவம். அக்கா தங்கச்சி யாராச்சும் இருந்தா நெனச்சுக்கிட்டு சாப்பிடுங்க" என்றாள். நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

அடுத்து குரங்குகள். போக்கராவைத் தாண்டிச் சாலையோரம் ஒரு காளி கோயிலில், நல்லபடியாக உன்னிடம் போய்ச் சேர வேண்டும் என்று கும்பிட இறங்கினேன். கண்ணை மூடிக் கும்பிட்டது தவறு. கண்ணைத் திறந்தபோது ஒரு குரங்கு என் அக்ரூட் மூட்டையோடு மண்டப உச்சியில் இருந்தது, இன்னொரு குரங்கு என் போனோடு மணிக்கூண்டில் இருந்தது. நான் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். பூசாரி என்னைத் தடுக்கவில்லை. "நல்லது, வலமாத்தான் சுத்தறீங்க, சுத்துங்க" என்றார். ஒரு வேன் நிறைய வந்திருந்த டூரிஸ்ட்டுகள் என்னையும் குரங்கையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். குரங்கு ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கடித்துப் பார்த்தது. உடையவில்லை. தரையில் அடித்துப் பார்த்தது. உடையவில்லை. ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்த பள்ளத்தில் வீசி, கடைசிக் கொட்டையை எனக்குக் குறிபார்த்து என் நெற்றியில் எறிந்தது. சரியாக நீ திலகம் வைக்கும் இடத்தில் வீங்கியிருக்கிறது. அந்த ஒற்றைக் கொட்டை இப்போது என் சட்டைப் பையில். போன் மட்டும் திரும்பவில்லை. என் நம்பரிலிருந்து யாராவது கூப்பிட்டு உர்ரென்றால் எடுக்காதே. என் போனை எடுக்காமலிருக்க உனக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

இப்போது இந்தப் பேருந்து. பண்டிகை நெரிசலில் இடம் கிடைத்ததே பெரிய காரியம். உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அக்கா வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போகிற ஆண்கள். எல்லார் மடியிலும் ஒரு பரிசுப் பொட்டலம், எல்லார் முகத்திலும் ஒரு பயம். முன்னால் மலை சரிந்து பாதி ரோட்டை மூடிவிட்டது. மோட்டார் சைக்கிள் மட்டும் ஓரமாகப் போகலாம், பெரிய வண்டி எதுவும் போகாது. ரேடியோவில் இன்றைக்குத் திலகம் வைக்கும் நல்ல நேரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், உச்சிவேளைக்குச் சற்று முன்னால்தானாம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பேருந்தே பெருமூச்சு விடுகிறது. அழுகிறார் என்றேனே, அந்தப் பெரியவர் என் பக்கத்து இருக்கை. அவருக்கே எழுபது இருக்கும். "எங்கக்காவுக்கு எம்பதாச்சு. போன வருஷம் நேரம் தப்பிப் போனேன். திலகத்த வச்சா, மாலையப் போட்டா, இனிப்பு ஊட்டினா, அப்பறம் பளார்னு ஒண்ணு விட்டா" என்றார். "வலிச்சுதா?" என்று கேட்டேன். "இந்த வருஷம் அறையற தெம்பு அவளுக்கு இருக்குமோ என்னமோ, அதான் அழுகையா வருது" என்றார். அதற்குப் பிறகு யாரும் ரேடியோவை வைக்கவில்லை.

எனக்கும் தெரியும் அக்கா, நீ போனை எடுக்காதது கோபத்தால் இல்லை. நம் தம்பி மான் பகதூர் பாலைவன தேசத்துக்கு வேலைக்குப் போன வருஷம் உன் கையால் திலகம் வைத்துக்கொள்ளவில்லை. மறு வருஷம் பெட்டியில் வந்தான். அன்றிலிருந்து திலகத்துக்கு முன்னால் நீ என்னைச் சுற்றி எண்ணெய் ஊற்றி வரும்போது, கோடு எங்காவது விட்டிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். எண்ணெய்க் கோட்டைத் தாண்டி யமன் வர மாட்டான் என்பாய். நான் சிரிப்பேன். ஆனால் இரண்டு வருஷம் அந்தக் கோடு இல்லாமல் இருந்ததில், லாட்ஜில் ராத்திரி எங்காவது பலகை கிறீச்சிட்டாலும் எழுந்து உட்காருகிறேன். இதைத் தில்சரியிடம் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஆகவே, இனி நான் நேரத்துக்கு வந்து சேர வழியில்லை. இந்தக் கடிதத்தை உன் ஊர்ப் பக்கம் போகும் ஏதாவது மோட்டார் சைக்கிளில் கொடுத்தனுப்புகிறேன். காத்திருந்து பட்டினி கிடக்காதே. மூன்றாவது வருஷமும் வராத தம்பிக்கு வேறு தண்டனை கிடையாது. நீ சொன்னபடியே என் பங்குத் திலகத்தைக் காலேவுக்கே வைத்துவிடு. அத்தானுக்கு வணக்கம். மாட்டுக்கு முதுகில் ஒரு தட்டு. உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும் பெருகட்டும், நெல்லும் கடுகும் நிறையட்டும், உன் கோபம் மட்டும் குறையட்டும் என்று வேண்டும், உனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தம்பி,

கிம் பகதூர்.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடுப்பில் போடு. கடிதத்தை மடித்துக்கொண்டு இறங்கி, முதலில் வந்த ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஓட்டி வந்தது ரமிலா என்று ஒரு நர்ஸ் பெண். "யாருக்கு மாமா லெட்டரு?" என்றாள். அக்காவுக்கு என்றேன். என்ன எழுதியிருக்கு என்றாள். வர முடியலன்னு என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றி என்னை முறைத்தாள். "நானே என் தம்பிங்களுக்குத் திலகம் வைக்கத்தான் டூட்டி முடிச்சு நேரா ஓடறேன். அவனுங்க இப்படி ஒரு லெட்டர் அனுப்பினா, கொண்டுவந்த ஆளத்தான் மொதல்ல சாத்துவேன். ஒங்க அக்காகிட்ட அடி வாங்க எனக்குத் தெம்பில்ல. ஏறுங்க!" என்றாள். என்னைச் சௌராஹாவில் உன் தெரு முனையில் இறக்கிவிட்டுப் பறந்துவிட்டாள்.

இப்போது நான் உன் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் இருக்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில், பக்கத்துக் காட்டிலிருந்து வந்த காண்டாமிருகம் படுத்திருக்கிறது. உன் வாசல் தோரணத்தைத் தின்றுவிட்டு, தெருவையே அடைத்துக்கொண்டு தூங்கி வழிகிறது. யமன் எருமையில்தானே வருவான்? இது அந்த எருமைக்கு மூத்த அண்ணன் மாதிரி இருக்கிறது. கத்திக் கூப்பிட வாயெடுத்தேன், டீக்கடைக்காரர் என் வாயைப் பொத்திவிட்டார். முப்பது வருஷம் காட்டு வழிகாட்டியாக இருந்த அத்தான், வழக்கம்போல் கொய்யா மரத்தின் மேலே நின்றுகொண்டு எல்லாரையும் பயப்படாமல் இருக்கச் சொல்கிறார். நீ எண்ணெய்ச் செம்போடு வாசலில் நிற்கிறாய். கண்ணாடி போடாமல் நிற்கிறாய். கொஞ்ச நேரம் முன்னால் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "யோவ் ஜப்பான்காரரே, உள்ள போய்யா, முட்டிடும்!" என்று விரட்டினாயே, அது நான்தான்.

நீ கண்டுகொள்ளாததைக் காலே கண்டுகொண்டான். சுவரோரமாகக் காண்டாமிருகத்தின் வாலை உரசிக்கொண்டு வந்து என் செருப்பை நக்குகிறான். கழுத்தில் நாய்த் திருநாளின் சாமந்தி மாலை அப்படியே இருக்கிறது. அதில்தான் இந்தக் கடிதத்தைக் கட்டி அனுப்புகிறேன். அவன் நெற்றியைப் பிடித்து நன்றாகப் பார்த்தேன், அக்கா. அன்றைக்கு வைத்த பழைய சிவப்புப் பொட்டு மட்டும்தான் இருக்கிறது. தம்பிகளுக்கு வைக்கும் இன்றைய ஏழு வண்ணத் திலகத்தில் ஒரு துளிகூட இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத அக்கா நீ.

வேறு கொட்டை எதையும் உடைத்துவிடாதே, குரங்கால் உடைக்க முடியாதது என்னிடம் இருக்கிறது. மிருகம் ஒரு காதை அசைக்கிறது, எழுந்துவிடும் போலிருக்கிறது. செம்பைக் கீழே வைக்காதே. திலகப் பாயில் காலே வந்து உட்கார்ந்தால் விரட்டிவிடு. அது என் இடம்.