மாப்பிள்ளை மீது நான் கொடுத்த புகார்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே நீங்கள், என் தங்கை, பிள்ளைகள் அனைவரும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்றுத் தங்கை தொலைபேசியில் என்னை அவளே கூப்பிட்டுவிட்டு, நான் எடுத்ததும் "யார் பேசறது?" என்று கேட்டாள். அண்ணன் பேசுகிறேன் என்றேன். "எனக்கு அண்ணன் இருக்காரா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். ஆகவே உங்கள் வீட்டு நலம் எனக்கு ஒருவாறு தெரிந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சாரணர் படையில் உங்கள் நடத்தை பற்றி மாவட்டக் குழுவுக்குப் புகார் போயிருக்கிறது என்றும், அது யாரோ வேண்டாதவன் செய்த வேலை என்றும் உங்கள் மரச்சாமான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாதவன் இல்லை, மாப்பிள்ளை. நான்தான். நேரில் வந்து சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் வாசலிலேயே ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். நானும் காபியைக் குடித்துவிட்டு, ஒரு புது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து வீடு திரும்புவேன். கடிதம் சிரிக்காது. அதனால் எழுதுகிறேன்.

என்னை இந்தப் படையில் சேர்த்ததே நீங்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஓட்டுநர் உரிமத்துக்குச் சோதனை வைக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சோதிக்க ஆள் இல்லாமல், வீட்டுக்காரி துணி மடிக்கிற விதம், எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைத் திருப்புகிற விதம், தபால்காரர் கதவைச் சாத்துகிற விதம் என்று ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் தங்கையிடம் அழ, தங்கை உங்களிடம் சொல்ல, நீங்கள் ஒரு மாலை வந்து, "மச்சான், எங்க படையில தலைவருக்கு ஆள் குறையுது. உங்களுக்குப் பிள்ளைங்களைப் பிடிக்கும்ல?" என்று கேட்டீர்கள். அதைப் பற்றி நான் யோசித்ததில்லை என்று உள்ளதைச் சொன்னேன். "பரவால்ல, அவங்களுக்கு உங்களைப் பிடிச்சா போதும்" என்றீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அரைக்கால் சட்டையும் கழுத்துத் துணியுமாக என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டீர்கள். வீட்டுக்காரி அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டாள். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பெரியவர்களுக்கான பயிற்சி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் தாடையை இடிக்க, நான், கறிக்கடைக்காரர், பஸ் டிரைவர், மருந்துக்கடை நடத்தும் அந்த அம்மா, பின்வரிசையில் பல வருஷமாகத் தலைவராக இருப்பவர் என்ற முறையில் காலை நீட்டிக்கொண்டு நீங்கள். மாவட்டக் குழு சார்பில் பயிற்சி கொடுத்தவர் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காரும் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். முதலில் முடிச்சு போடச் சொல்லித் தருவார்கள் என்று நான் கயிறோடு போயிருந்தேன். அவரோ கயிற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதிலேயே காலை முழுவதையும் கழித்தார். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, இன்னொரு பெரியவர் கண் பார்வையில் இருக்க வேண்டும். கை ஓங்கக் கூடாது. கேலி கூடாது. பிள்ளை ஒன்றைச் சொன்னால் கேட்க வேண்டும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, அன்றைக்கே மேலே தெரியப்படுத்த வேண்டும்.

அப்புறம் அவரே குழந்தை மாதிரி நடித்து, எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, "என்னை ஒருத்தர் மிரட்டறாரு" என்றார். கறிக்கடைக்காரர் எழுந்து நின்று, "யாருன்னு மட்டும் சொல்லு கண்ணு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்தார். பயிற்சிப் பெண், "அண்ணே, அந்தப் புள்ள இனிமே தன் கஷ்டத்தை விட்டுட்டு உங்களைப் பிடிச்சு நிறுத்தற வேலையை இல்ல பாக்கணும்" என்றார். என் முறை வந்தபோது நான், சாட்சி உண்டா என்று கேட்டேன். "ஐயா, நீங்க விசாரிக்கல. காது கொடுக்கறீங்க. அவ்வளவுதான்" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "அழாதம்மா, மூஞ்சி இப்படி இருந்தா அப்புறம் பல் டாக்டர்கூட வாயைப் பாக்க மாட்டாரு." எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, "இப்ப அந்தக் குழந்தை சொல்ல வந்தது என்ன ஆச்சு?" என்று கேட்டார். அதற்குள் நீங்கள் டீ வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போய்விட்டீர்கள்.

பிள்ளைகளோடு நாம் போட்ட முகாமில் நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். தெரியாத பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். உயரமாக வளர்ந்தவன் ஏணி. இரண்டாம் தடவை சாப்பாடு கேட்கிறவன் கிடங்கு. முதல் நாள் அம்மாவை விட்டு வரும்போது அழுத அந்தச் சிறுமி குழாய். அதெல்லாம் பிரியத்தில் வைத்தது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளும் அந்தப் பெயர்களைச் சொல்லியே விளையாடுகிறார்கள். நானே அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் தெரியாமல் வெகுநாள் இருந்தேன். குழாய் வந்தாச்சா, குழாய்க்குப் பாய் கொடுத்தாச்சா என்றுதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முகாமில் ஒரு நாள் காலை வரிசையில் நிற்கும்போது அவள் கழுத்துத் துணியை ஒரே கையால் முடிந்துகொண்டிருந்தாள். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கையால் சுற்றினாள். ஸ்டியரிங் பிடித்த கைகளையே பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். வலது கை ஏன் சும்மா தொங்குகிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாத கை அப்படித் தொங்காது. எனக்குப் பயிற்சி நினைவு வந்து, மைதானத்தின் நடுவே நின்றபடியே, "இங்கே இன்னொரு பெரியவர் தேவை" என்று குரல் கொடுத்தேன். ஏதோ பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து மருந்துக்கடை அம்மா கையில் கம்போடு ஓடி வந்தார். பாம்பு இல்லை, விதி என்று விளக்கினேன். அவர் கம்பைக் கீழே போட்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வீங்கிப்போய், தொட்ட இடம் சுட்டது.

முந்தின நாள் பாறையிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தாளாம். யாரிடமும் சொல்லவில்லை. படுக்கும்போது கையைப் பையின் கீழே வைத்து அழுத்திக்கொண்டு படுத்தாளாம். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, மருந்துக்கடை அம்மாதான் கேட்டார். அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: "சொன்னா அழுகை வரும். அழுதா குழாய் திறந்துடுச்சும்பாங்க. அந்த முதல் நாளுக்கப்புறம் நான் இங்க அழுததே இல்ல."

மாப்பிள்ளை, நான் நிறையப் பேரை அழ வைத்த வேலையில் இருந்தவன். சோதனையில் தோற்றவர்கள் வண்டியை விட்டு இறங்கி என் கண் முன்னால் அழுதிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். அழாமல் நின்ற இந்தப் பிள்ளையின் முன்னால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்பில் கீறல் என்று மாவுக்கட்டுப் போட்டு, மாலை அவளை முகாமுக்குத் திரும்ப அழைத்து வந்தோம். அவள் அம்மா வந்து கூட்டிப் போகும்வரை ஒரு மணி நேரம் இருந்தது. நீங்கள் எல்லாப் பிள்ளைகளையும் கைதட்ட வைத்து அவளை வரவேற்றீர்கள். அதுவரை நல்லது. பிறகு மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, "என்ன, நம்ம குழாயை பிளம்பர் வந்து அடைச்சுட்டாரா?" என்று கேட்டீர்கள். மொத்தப் படையும் விழுந்து விழுந்து சிரித்தது. கறிக்கடைக்காரர் சிரித்தார். பஸ் டிரைவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வலியில் இருக்கிற பிள்ளை பெரியவருடைய மனம் கோணக் கூடாதே என்று சிரித்துக் கொடுக்கிற சிரிப்பு அது.

அப்போதே உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெயர் வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். நீங்கள் என் தோளில் கை போட்டு, "மச்சான், நாலு மாசம் வந்துட்டு என்கிட்ட பிள்ளைங்களைப் பத்திச் சொல்றீங்களா? அவங்க என்னைத் தேடித்தான் வராங்க" என்றீர்கள். உண்மைதான். உங்களைத் தேடித்தான் வருகிறார்கள். அதனால்தான் உங்கள் வாயிலிருந்து வருகிற பெயர் அவர்கள் மேல் அப்படி ஒட்டிக்கொள்கிறது. நான் வைத்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

முகாமிலிருந்து நேராகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயிற்சிப் பெண் எனக்குப் பல்வலி என்று நினைத்து டோக்கன் கொடுத்தார். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பல் பிடுங்க வந்தவர்கள் நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, நடந்ததைச் சொன்னேன். யார் மீது புகார் என்று கேட்டார். என் சொந்தத் தங்கையின் வீட்டுக்காரர் என்றேன். கன்னத்தைப் பிடித்திருந்த ஒருவர் கையை எடுத்துவிட்டார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா, ஐயா?" என்று கேட்டார் அந்தப் பெண். யோசித்தால் சொல்ல மாட்டேன், அதனால் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி சாப்பாடு போடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள். "தங்கச்சி புருஷனை மாட்டி விட்டுட்டு வந்து எப்படி உங்களுக்குப் பசிக்குது?" என்றாள். பசித்தது, மாப்பிள்ளை. மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சாப்பிட முடியவில்லை.

என்னை அந்தப் படையில் யாரும் மதிக்காத முதல் நாட்களில், மலையேற்றத்தில் என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நடந்தவர் நீங்கள். என் கால் கொப்புளத்துக்குப் பிள்ளைகள் பார்க்காதபடி மருந்து போட்டுவிட்டவர் நீங்கள். நீங்கள் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். குழு கூப்பிட்டுக் கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு என்னைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும் என்பதால் நான் படையிலிருந்து விலகிக்கொள்கிறேன். சீருடையைத் துவைத்து மடித்து வைத்தாகிவிட்டது. படைக்கு நீங்கள் வேண்டும். என்னைப் போன்ற ஒழுங்கான ஆள் இன்னொருவர் அவர்களுக்குக் கிடைக்காமலா போய்விடுவார்.

தங்கைக்கு என் ஆசிகளைச் சொல்லவும். வாங்கிக்கொள்ள மறுத்தால் அலமாரியில் வைக்கவும், பிறகு எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு என் அன்பு. நீங்கள் நீண்ட ஆயுளோடும், நல்ல வியாபாரத்தோடும், கொஞ்சம் குறைந்த நகைச்சுவையோடும் வாழ வேண்டும் என்று வேண்டும்,

உங்கள் மூத்த மைத்துனன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் பயிற்சிப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தச் சிறுமி அம்மாவோடு பல் ஆஸ்பத்திரிக்கே வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனாளாம். உங்களைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தானாம். மீதி முழுக்க என்னைப் பற்றி. முகாமில் தினமும் காலையில் நான் விசில் ஊதி, கூடாரம் கூடாரமாகப் போய், படுக்கை சுருட்டிய விதத்துக்கு மதிப்பெண் போட்டு, "தேறவில்லை, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே போனேனாம். இரண்டு சின்னப் பையன்கள் பயந்துபோய்ப் படுக்கையை விரிக்காமல் வெறும் தரையில் படுத்தார்களாம். எனக்கும் மருந்துக்கடை அம்மாவுக்கும் கையைப் பற்றிச் சொன்ன பிறகுதான், சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்ததாம், அதனால் மீதியையும் சொல்ல வந்தாளாம். உங்களையும் என்னையும் படையிலிருந்து நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம். ரெண்டு பேரும் நல்லவங்கதான். சொல்லிக் கொடுத்தா கத்துக்குவாங்க" என்றாளாம். ஆகையால் நான் விலகுவதாக மேலே எழுதியது செல்லாது, விசாரணை முடியும்வரை விலக முடியாதாம். நம் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் முதல் பாடத்திலிருந்து பயிற்சி. நீங்கள் வண்டியில் போகும்போது வாசலில் ஹாரன் அடித்தால் போதும், நானே இறங்கி வந்துவிடுகிறேன்.