பழைய மாத்திரைக்கு மரியாதை

காரமடை,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய உடுமலை மச்சான் நரசிம்மலு அவர்களுக்கு, கோவிந்தராஜுலு வணக்கத்துடன் சொல்ல, உங்கள் தங்கை அம்புஜம் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். நீங்களும் உங்கள் தென்னைகளும் சுகமாயிருக்க ரங்கநாதர் அருள்வாராக.

என் விரல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் சேர்ந்து கட்டியாகி, வலது கட்டைவிரலில் முதல் முண்டு வந்தது உங்கள் மூத்தவள் கல்யாணத்துக்கு மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. கோயமுத்தூர் யாஸ்மின் டாக்டரம்மா இரண்டு வாரத்துக்கு ஒருதரம் பயாலஜிக் என்ற புதுவகை மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற, ஐந்தே மாதத்தில் அது கரைந்துபோனது. நேற்று சட்டைப் பித்தானை நானே போட்டேன். மருந்தா அது, அமுதம். அந்த அம்மணியும் தங்கம். ஊசி குத்துமுன் என்னிடம் சம்மதம் கேட்கிறார். உங்கள் அப்பா பெண்ணைக் கொடுத்தபோதுகூட என்னை இவ்வளவு கேட்கவில்லை.

ஆனால் மச்சான், ஒரு தப்புச் செய்துபோட்டேன். முதல் நாளே டாக்டரம்மா சொன்னார்: "பழைய மாத்திரைய நிறுத்திப்போடோணுங்க. அதையும் போட்டீங்கன்னா, அதுவே உப்பைக் கொறச்சு ரத்தம் பொய் சொல்லும். சொட்டு மருந்து வேலை செய்யலைங்கறது தெரியாம ஏத்துனா உசுருக்கே ஆபத்துங்க." தலையாட்டினேன். ஆனால் பதினாலு வருஷம் அந்த மாத்திரையைக் கொடுத்த நம்மூர் கிருபாசங்கர் டாக்டர், சாயங்காலம் நடக்க வரும்போதெல்லாம் எங்கள் கேட்டருகே நின்று, "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்கிறார். 'உங்கள் மாத்திரை வேண்டாம்' என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பொய் சொல்லவும் வாய் வராது. அதனால் போட்டுவிட்டே "ஆச்சுங்க" என்கிறேன். ஒவ்வொரு தரமும் ரத்தப் பரிசோதனை நன்றாயிருக்கிறதென்று டாக்டரம்மா மெச்சும்போது எனக்கு வேர்க்கிறது. அது சொட்டு மருந்தின் வேலையா, மாத்திரையின் வேலையா, யார் கண்டது? திங்கட்கிழமை அடுத்த சொட்டு. சொன்னால் நிறுத்திவிடுவாரோ, விரல் மறுபடி முண்டாகுமோ, சொல்லாவிட்டால் உயிர். எனக்கு நாக்கு எழவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள், உங்களுக்குத்தான் கூச்சம் கிடையாதே.

அக்காவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

கோவிந்தராஜுலு கைரேகை

பின்குறிப்பு: அண்ணா, இது அம்புஜம். இதை அவருக்குப் படித்துக்காட்டப் போவதில்லை. முதல் சொட்டு ஏறுவதற்கு முன்பே அந்த மாத்திரையை எடுத்துப்போட்டு, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதே டப்பாவில் வைத்துவிட்டேன். ரத்தம் சொன்னதெல்லாம் நிஜம். சத்து மாத்திரை என்றால் தொடமாட்டார், அதனால் கிருபாசங்கர் டாக்டரைத் தினமும் கேட்கச் சொன்னதும் நானே. திங்கட்கிழமை வாருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். நாற்பத்தாறு வருஷத்தில் இப்போதுதான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வருகிறார். அவரே சொல்லட்டும்.