மாரீஸ்வரியின் கிளியும் நான் வரைந்த உடும்பும்

தேனு, சரவணா, இரண்டு பேரும் கேளுங்கள். நம் கடை ரேடியோவில் அந்த ஒரு பாட்டு வந்தால் மட்டும் அப்பா ஏன் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார் என்று பல தடவை கேட்டிருக்கிறீர்கள். "சும்மாதான்" என்று தப்பித்தேன். உங்கள் சித்தப்பா என்னை "வாங்க உடும்பண்ணே" என்று கூப்பிடுவது ஏன் என்றும் கேட்டீர்கள். அதற்கும் சும்மாதான் என்றேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நான் பத்தாவதோடு நின்றவன். சுருக்கி எழுதத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் இந்தக் கல்யாணப் பத்திரிகைக் கடையை நாங்கள் போட்ட புதிது. தேனுவுக்கு அப்போது ஒரு வயது. சரவணன் பிறக்கவில்லை. இன்று போலத்தான் அன்றும் வேலை. அம்மா வரைவாள். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்து சேர்த்து, கலர் கொடுத்து, சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்புவேன். சமையல் அவளுடையது, இலை போடுவது என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பந்தியில் அதிகம் சத்தம் போடுகிறவன் இலை போட்டவன்தான்.)

அம்மாவுக்குப் பாட்டு ஓடினால்தான் கை ஓடும். அதிலும் ஒரு முறை உண்டு. பாடகர் வாயைத் திறந்தால் அவள் புள்ளி வைப்பாள், இலை நரம்பு போடுவாள், சின்ன வேலை எல்லாம் பார்ப்பாள். பாட்டுக்கு நடுவில் வயலினும் புல்லாங்குழலும் மட்டும் வரும் பாருங்கள், அப்போதுதான் பென்சிலைச் சாய்த்துப் பெரிய கோடு இழுப்பாள். யானைத் தும்பிக்கை, மயில் கழுத்து எல்லாம் வயலினில் பிறந்தவைதான். குறிப்பாக அந்த ஒரு பாட்டு. அதைக் கேசட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை போடுவாள். நான் எதிரே உட்கார்ந்து, தபேலா அடிக்கு அட்டை வெட்டிக்கொண்டிருப்பேன். அந்த வயலினில் கோடு எங்கே ஏறும், எங்கே வளையும் என்பது எனக்கு மனப்பாடம். மனப்பாடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மிலிட்டரிக்காரர் வந்தார். ரிட்டயர்டு சுபேதார். மகள் கல்யாணம். பத்திரிகையில் கிளி வேண்டும் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வேறு என்ன கேட்பார்? அம்மா மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கிளி வரைந்தாள். தலையைத் திருப்பி, நம்மிடம் ஏதோ கேட்கப்போவது போலப் பார்க்கும் கிளி.

மாதிரி பார்க்க சுபேதார் வந்தபோது, அம்மா உள்ளே தேனுவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"தம்பி, கண்ணுல உசிரு இருக்கே. யாரு வரைஞ்சது?"

"நாந்தாங்க ஐயா."

யோசித்துச் சொல்லவில்லை. கூப்பிட்டால் 'இந்தா வாரேன்' என்பது போல வாய் தானாகச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த மாம்பழத்தைப் பார்த்து வாத்தியார் "சட்டியை நல்லா வரைஞ்சிருக்கே" என்றார். வாழ்நாளில் என்னை யாரும் ஓவியன் என்று நினைத்ததில்லை. அந்த ருசி அப்படி.

"கல்யாணத்தன்னைக்கு மேடையில உங்களைக் கூப்ட்டு ஒரு பொன்னாடை போடணும். குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவிடம் "நம்மளை மேடையில கூப்புடுறாகளாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பெட்டியின் அடியிலிருந்து அரக்குப் பட்டுச் சேலையை அன்றைக்கே எடுத்து வெயிலில் போட்டாள்.

"என் பேரையும் சொல்லிட்டியளா?"

"சொல்லாம இருப்பனா?"

"அப்பம் பத்திரிகையிலயும் ஓரத்துல சின்னதாப் போடுங்க."

சரி என்றேன். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தபோது, கடைசிப் பக்கத்து அடியில் 'ஓவியம்: குருசாமி' என்று மட்டும் இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரு எங்க?"

"இடம் இல்ல மாரி. உன் பேரு நீளம்."

குருசாமி நாலு எழுத்து. மாரீஸ்வரி அஞ்சு எழுத்து. அவள் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ம்" என்றாள், அவ்வளவுதான். மேடையிலாவது சரியாகிவிடும் என்று நம்பியிருப்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் பாட்டுக் கச்சேரி. மூன்றாவது வரிசையில் நாங்கள். அரக்குப் பட்டில் அம்மா, அவள் மடியில் தேனு. மைக் பிடித்தவர் "ஓவியச் செம்மல் குருசாமி அவர்கள்" என்றார். அம்மாவும் பாதி எழுந்தாள். அடுத்த பேர் வரும் என்று அப்படியே நின்றாள். வரவில்லை. சேலையைச் சரிசெய்வது போல மறுபடி உட்கார்ந்துகொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே படி ஏறினேன்.

பொன்னாடை போட்டார்கள். இறங்கியிருந்தால் அதோடு போயிருக்கும். மைக் பிடித்தவர் விடவில்லை. "செம்மல் நமக்காக இப்பவே ஒரு கிளி வரைவார். பாட்டு முடியறதுக்குள்ள." எங்கிருந்தோ ஒரு பலகையும் வெள்ளைச் சார்ட்டும் மார்க்கர் பேனாவும் வந்து நின்றன. "என்ன பாட்டு வாசிக்கலாம்?"

கை சுளுக்கு என்று சொல்லியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். நானோ அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னேன். அந்த வயலின் வந்தால் கிளி தானாக வந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். அத்தனை நாள் எதிரே உட்கார்ந்து பார்த்தவன் அல்லவா. (சோறு பொங்குவதைப் பார்த்தவன் எல்லாம் சமையல்காரன் என்றால், நம் தெருப் பூனைக்குத்தான் முதல் பொன்னாடை.)

பாடகர் வாயைத் திறந்ததும் புள்ளி வைத்தேன். ஏன் வைத்தேன், எங்கே வைத்தேன் என்று தெரியாது. வயலின் வந்தது. பேனாவைச் சாய்த்து இழுத்தேன். பாட்டு மேலே ஏறியது, கோடு கீழே இறங்கியது. மூக்கு பெரிதாகிவிட்டதால் தலைக்கு இடமில்லை. கண் மூஞ்சியை விட்டு வெளியே நின்றது. கீபோர்டில் அந்த வயலினை வாசித்தவர் என் நெற்றி வியர்வையைப் பார்த்து இரக்கப்பட்டு, அந்த இடத்தையே இன்னொரு தடவை வாசித்தார். அந்த இரக்கத்தில்தான் வாலும் நாலு காலும் வந்தன. ஆமாம், நாலு. கிளியைத் தெரியாதவர் ஒருத்தர்கூட இல்லாத ஊரில்.

பாட்டு முடிந்தது. டிரம்ஸ்காரர் பழக்கதோஷத்தில் கடைசியாக ஒரு அடி அடித்தார். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

"எங்க மகாராஜபுரம் தோப்புல இதப் பாத்துருக்கேன். உடும்பு. குறை சொல்ல முடியாது, அப்பிடியே வந்துருக்கு."

மண்டபம் சிரித்த சிரிப்பில் பந்தியிலிருந்து இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். எங்களோடு வந்த உங்கள் சித்தப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தான், கையில் அப்பளத்தோடு.

சுபேதார் சிரிக்கவில்லை. பத்திரிகையை ஒரு தடவை பார்த்தார், பலகையை ஒரு தடவை பார்த்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கிளிய வரைஞ்சது யாரு?"

பிள்ளைகளா, நான் வெட்கப்படுவது உடும்புக்காக இல்லை. இந்தக் கேள்விக்காக. அம்மா மூன்றாவது வரிசையில்தான் இருந்தாள். விரலை நீட்டினால் போதும். நான், "கை வலிங்க ஐயா, அதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இன்று வரை அவரிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை.

கீழே வந்தபோது அம்மா தேனுவைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளும் சிரிக்கவில்லை. பஸ் பாதி வழி வந்திருந்தது. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"ஏட்டி, ரெண்டு வார்த்தை வஞ்சிரேன்."

"எதுக்கு வையணும்? கிளிய எடுத்துக்கிட்டிய. சரி, கடைக்குப் பேரு வரும்னு நெனச்சிருப்பிய. பாட்டை எதுக்குச் சொன்னிய? அது எனக்குன்னு நான் கேக்குற பாட்டுல்லா."

மடியில் பொன்னாடை இருந்தது. தேனு அதைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா அந்தப் பாட்டைப் போடுவதில்லை. வேறு பாட்டுகள் ஓடுகின்றன, கையும் ஓடுகிறது. யானை வரைவாள், மயில் வரைவாள், அடியில் இப்போது அவள் பெயரும் வருகிறது. கிளி மட்டும் கிடையாது. "கிளி வேணும்னா வேற கடை பாக்கச் சொல்லுங்க" என்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறவர்கள் நாம் மட்டும்தான். வீட்டு விசேஷங்களில் சித்தப்பா உடும்புக் கதையை எடுத்தால் அவளும் சிரிப்பாள், நாலு காலையும் அவளே எடுத்துக்கொடுப்பாள். பாட்டைப் பற்றி மட்டும் சித்தப்பாவுக்கு அவள் சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம், அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போயிருந்தாள், தேனு. கடையில் நான் மட்டும். ரேடியோவைப் போடவில்லை. சுபேதாருக்குக் கொடுத்தது போக மிச்சப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தன. கல்யாணமே முடிந்துவிட்டது, இனி அவை யாருக்கும் போகாது. கட்டைப் பிரித்து, பேனாவை எடுத்து, ஒவ்வொன்றிலும் என் பெயரை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் மாரீஸ்வரி என்று எழுதினேன். கடைசிப் பத்திரிகை வரைக்கும் எழுதினேன். எல்லாவற்றிலும் இடம் இருந்தது.