ரேகை சித்தரின் இடது கால்

டோல்கேட் பக்கம் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றால், முன்பெல்லாம் தண்ணீர் லாரி வருகிறது என்று அர்த்தம். இப்போது கதை வேறு. பூட்டிக் கிடந்த டயர் கடையின் மாடியில் ரேகை சித்தர் எழுந்தருளியிருக்கிறார்.

கைரேகை பார்த்து எதிர்காலம் சொல்கிறவரா என்று கேட்டுவிடாதீர்கள். அது பழைய பிழைப்பு. இவர் கைரேகையைக் கழுவுகிறவர். துபாயிலோ மலேசியாவிலோ விசா முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் தங்கி, பிடிபட்டு, பத்து விரலையும் கண்ணாடியில் பதித்துவிட்டு, 'இத்தனை வருஷம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே' என்ற உத்தரவோடு திரும்பியவர்கள் வடசென்னையில் எத்தனை பேர் என்பது அந்த மாடிப்படியைப் பார்த்தால்தான் தெரியும். அத்திப்பட்டிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். அவர்கள் விரலில் ஒட்டியிருப்பது 'ஓவர்ஸ்டே தோஷ'மாம். சித்தர் அதைக் கழுவிவிட்டால், விமான நிலையத்துக் கம்ப்யூட்டர் விரலைப் பார்த்து, "யாரப்பா நீ, புதுமுகமாக இருக்கிறாயே, உள்ளே வா" என்று வரவேற்குமாம்.

கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது, கழுவுவது இங்கே நடக்கிறது, நடுவில் ஒரு கடலே கிடக்கிறதே என்று கேட்கக் கூடாது. கேட்டால் தோஷம் பக்கத்து விரலுக்குத் தாவிவிடும்.

விரலுக்கு ஐநூறு ரூபாய். கட்டை விரலுக்கு ஆயிரம், அது குண்டாக இருப்பதால். ஒரு நாளைக்கு ஒரு விரல்தான். விபூதி, பன்னீர், மெழுகுவத்தி மூன்றும் உண்டு. எல்லா மதத்தாரும் விமானத்தில் ஒரே கதவு வழியாகத்தானே ஏறுகிறார்கள்!

வரிசையில் நிற்பவர்கள் முதலில் ஒரு பாரம் எழுத வேண்டும். பெயர், போன நாடு, எத்தனை மாதம் கூடுதலாகத் தங்கியது, பார்த்த வேலை. பாரம் சித்தரின் மடிக்குப் போகும். பிறகு பக்தர் உள்ளே போவார். சித்தர் கண்ணை மூடி, "நீ போனது... துபாய். மிஞ்சித் தங்கியது... ஒன்பது மாதம்" என்பார். பக்தர் உடம்பெல்லாம் புல்லரித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். தான் எழுதிக் கொடுத்ததை ஒருவர் வாசித்துக் காட்டுவதற்குப் புல்லரிக்கிற அளவுக்கு நம் மக்களுக்கு மெல்லிய தோல்.

எதிரே ரேகைப் பெட்டி. விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்து 'கீ' என்று அலறும். கழுவிய பிறகு வைத்தால் பச்சை விளக்கு எரிந்து 'டிங்' என்று மணி அடிக்கும். முடிந்ததும் காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆனால் வலது காலை மட்டும். இடது கால் பன்னிரண்டு வருஷ மௌன விரதத்தில் இருக்கிறது. அதன்மேல் மஞ்சள் பட்டு போர்த்தியிருக்கும். அதற்கு முன்னால் அந்தக் கால் எப்போது பேசியது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

இந்த வரிசையில்தான் நோயலும் நின்றான். ராயபுரத்துக்காரன், கைதேர்ந்த வெல்டர். மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்தருகே ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். விசா முடிந்தபோது, "புதுப்பித்துத் தருகிறேன், பேசாமல் வேலையைப் பார்" என்றார் முதலாளி. பேசாமல் வேலையைப் பார்த்ததில் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. பிடித்தார்கள், பத்து விரலையும் பதித்தார்கள், ஐந்து வருஷத் தடை போட்டு அனுப்பினார்கள். நான்கு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்து அந்தப் பட்டறையிலிருந்தே போன். "நோயல், ஃபோர்மேன் வேலை காலியாக இருக்கிறது. வருகிறாயா?" அன்றிலிருந்து நோயலுக்குத் தூக்கம் போயிற்று, சித்தர் வந்தார். ஒன்பது விரல் கழுவியாயிற்று. கடைசிச் சுண்டுவிரல் சனிக்கிழமை. அன்று மதியமே ஏஜென்சியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி: 'இதற்கு முன் அனுமதித்த காலத்துக்கு மேல் இந்நாட்டில் தங்கியதுண்டா?'

"இல்லை என்று எழுது. ரேகையே போன பிறகு குற்றம் எங்கே?" என்று சித்தர் அருளியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாப்பிட உட்கார்ந்த நோயல் இதைச் சொன்னதும், சோறு போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி ரோசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யோவ், பொய் எழுதி மாட்னா இன்னா ஆவும்?"

"மாட்டவே மாட்டேன்மே. ஒம்பது வெரலும் பச்ச வெளக்கு காட்டிச்சு."

"மாட்னா? அத சொல்லு."

நோயல் சோற்றைப் பிசைந்தான். "ஆயுசுக்கும் உள்ள வுடமாட்டானுங்க."

"ஒரு வருசத்துல தொறக்கிற கதவ, ஒரே எழுத்துல சாத்திக்கப் போற." ரோசி தன் இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். "இத பாரு. பதினோரு வருசமா காசிமேட்டு ஷெட்ல இறாலு உரிக்கிறேன். ஐஸு, உப்புத் தண்ணி, இறாலு ஓடு, எல்லாம் சேந்து வெரல்ல ஒரு கோடு கூட இல்ல. ரேசன் கடை மிஷினு மூணு மாசமா என் கைய வச்சா 'யாரு நீ'ன்னு முழிக்குது. அந்த மிஷினுக்கே தெரியாத வெரலு, உன் சித்தரு பொட்டிக்குத் தெரியுமா? நாளைக்கு நானும் வரேன்."

சனிக்கிழமை ஷெட்டில் காலை வேலை முடிந்ததும், குழம்புக்கு வாங்கிய கால் கிலோ இறாலைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வந்துவிட்டாள். பாரத்தில் அழகாக எழுதினாள்: 'மலேசியா, மூன்று வருஷம், ஓட்டல் வேலை.' நோயலுக்கு முன்னால் போய்ப் பெட்டியில் விரலை வைத்தாள்.

'கீ!' சிவப்பு.

சித்தர் கண்ணை மூடினார். "நீ போனது... மலேசியா. மிஞ்சித் தங்கியது... மூன்று வருஷம். ஆகா, ஓட்டலில் தோசை வாசம் வீசுகிறது."

"சாமி, நான் மீஞ்சூரத் தாண்டினதே இல்ல. எங்கிட்ட பாஸ்போர்ட்டே கெடயாது. வெரல்ல ரேகையும் கெடயாது."

கூட்டம் எட்டிப் பார்த்தது. நோயல் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். சித்தர் மட்டும் அசையவில்லை.

"போன ஜென்மத்தில் போயிருக்கிறாய், மகளே."

"ஆகா!" என்றது கூட்டம். "போன ஜென்மத்து ஓவர்ஸ்டேவ கூட கண்டுபுட்சிட்டாருபா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கண் கலங்கினார். அறிவை அடகு வைத்தாலாவது என்றைக்காவது மீட்கலாம். இவர்கள் தானமாகவே கொடுத்துவிட்டார்கள்.

ரோசி இடுப்பில் கை வைத்தாள்.

"சரி சாமி, மெய்யாவே சக்தி கீதுன்னு நம்புறேன். ஒரே ஒரு சோதன. தோ, எங்கூட்டுக்காரரு வெரலு கழுவின வெரலு. வரிசையில பின்னால நிக்கிற ஹுமாயூன் பாய் வெரலு இன்னும் கழுவாத வெரலு. உங்களுக்கும் பொட்டிக்கும் நடுவுல ஒரு துணிய புடிப்போம். வெரல வைப்போம். கழுவினதா கழுவாததா, யாருதுன்னு பொட்டியே சொல்லட்டும். சொல்லிட்டா, எங்க ஷெட்டுல நாப்பது பொம்பளைங்க கீறாங்க. அத்தினி வூட்டு ஆம்பளைங்களையும் இஸ்துகினு வந்து இங்க நிறுத்துறேன்."

நாற்பது வீடு, வீட்டுக்குப் பத்து விரல். சித்தரின் மூடிய கண்ணுக்குள் நானூறு விரல்கள் அசைந்திருக்க வேண்டும். "ஆகட்டும்" என்றார்.

துபாயில் லாரி ஓட்டித் திரும்பிய தண்டையார்பேட்டை ஹுமாயூன், அன்றுதான் முதல் விரலுக்கு வந்தவன். "மாமு, நான் புடிக்கிறேன்" என்று தோளிலிருந்த பெரிய துண்டின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறு முனையை நோயல் பிடித்தான். பெட்டி இந்தப் பக்கம், சித்தர் அந்தப் பக்கம். ரோசி பைக்குள் கையை விட்டாள். அவள் எடுத்தது விரல் இல்லை.

"வச்சாச்சு சாமி."

"யார் விரல்?" என்றார் சித்தர், பழக்க தோஷத்தில்.

"அத தானே உங்க பொட்டி சொல்லணும்?"

துண்டுக்கு மேலே தெரிந்த சித்தரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. யோசித்தார். பெண்டாட்டி தன் புருஷனையா முதலில் சோதிப்பாள்? மாட்டாள். 'கீ!' சிவப்பு எரிந்தது.

"ஹா! கழுவாத விரல்! கடல் கடந்த பாவ வாடை மூக்கைத் துளைக்கிறது! துபாய், ஒன்பது மாதம், ஹுமாயூன்!"

ஹுமாயூன் துண்டை விட்டான்.

பெட்டியின் கண்ணாடிமேல் மீசையும் கையுமாக ஓர் இறால் படுத்திருந்தது.

ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். பிறகு மாடியே அதிர்ந்தது. "துபாய்ல லாரி ஓட்ன இறாலுடோய்!" என்று படியில் நின்றவர்கள் கீழே நின்றவர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

சித்தர் லேசுப்பட்டவரா? "மூடர்களே! அது ஏற்றுமதி இறால்! வெளிநாட்டுக்குப் போய்த் தரமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இறால்! அதற்கும் தோஷம் உண்டு!"

நம்பினால் நம்புங்கள், இதற்கும் மூன்று பேர் தலையாட்டினார்கள்.

"யோவ், காத்தால அஞ்சு மணிக்குக் காசிமேட்டுல வந்த இறாலுய்யா இது!" என்றாள் ரோசி. "இது கடல வுட்டு வந்து நேரா என் பையில ஏறிச்சு. மத்தியானம் கொழம்புக்குப் போவுது. அங்க கூட ஓவர்ஸ்டே பண்ணாது, எங்கூட்டுக்காரரு வுடமாட்டாரு."

எல்லாரும் சிரித்தபோது நோயல் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது நாளாக அந்த வலது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன் அவன். பழக்கம் போலக் குனிந்தான். வலது பக்கம் போன கை பாதி வழியில் இடது பக்கம் திரும்பியது. மஞ்சள் பட்டை ஒரே இழுப்பு.

விரதமிருந்த காலுக்குக் கீழே தையல் மெஷின் பெடல்கள் இரண்டு. நோயல் ஒன்றைக் கையால் அமுக்கினான்: 'கீ.' மற்றதை அமுக்கினான்: 'டிங்.' இறாலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"கழுவாமயே விசா குட்த்துட்டான்பா!" என்றது கூட்டம்.

ஹுமாயூன் சித்தரின் தாடியை உற்றுப் பார்த்தான். "டேய், நீ திருவொத்தியூர் சீரியல் செட்டு ஜெயவேல் இல்ல? எங்க அக்கா கல்யாணத்துல பாதி பல்பு எரியவே இல்லியேடா கய்தே! அன்னிக்கு எரியாத பல்பு இன்னிக்கு மட்டும் எப்டிடா எரியுது?"

ஜெயவேல் தாடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பன்னிரண்டு வருஷ விரதத்தை அங்கேயே முறித்துக்கொண்டு மாடிப்படியில் பாய்ந்தார். பார்த்தவர்கள் சொல்கிறார்கள், இரண்டு கால்களில் இடது கால்தான் முன்னால் ஓடியதாம். கீழே வரிசையில் நின்ற எண்பது பேரும் அவரை அன்போடு வரவேற்று, விரல்களின் பெருமையை அவருக்கு உணர்த்திய பிறகே போலீஸிடம் ஒப்படைத்தார்கள்.

மதியம் ஏஜென்சியில் நோயல் பேனாவைக் கையில் எடுத்தான். 'தங்கியதுண்டா?' ரோசி இறால் பையோடு பக்கத்தில் நின்றாள். 'உண்டு, பதினான்கு மாதம்' என்று எழுதினான். ஏஜென்சிப் பெண் படித்துவிட்டு, "தடை முடிய ஒரு வருஷம் கீதுண்ணா. இப்ப குடுத்தா வேஸ்ட்டு. இதையே அப்படியே வச்சிருந்து அடுத்த வருசம் குடுங்க. உண்மைய எழுதினவங்கள திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. பொய் எழுதினவங்கள யாரும் கூப்பிட்டதில்ல" என்றாள். கிள்ளானுக்குப் போன் போட்டுச் சொன்னபோது முதலாளியே பழியை ஏற்றுக்கொண்டார். "நான் புதுப்பித்துத் தராமல் விட்ட விசா அல்லவா அது. சரி, அடுத்த வருஷம் வா. வேறு வேலை தருகிறேன்" என்றார்.

அன்று இறால் குழம்பு நன்றாக இருந்தது. சோதனைக்குப் போன இறாலையும் சேர்த்துத்தான் வைத்திருந்தாள்.

டயர் கடை மாடிக்கு இப்போது புதுப் போர்டு வந்திருக்கிறது. 'முக சித்தர்: விமான நிலைய கேமராவில் முகம் தெரியாமல் போக.' நேற்றுக் காலை ஆறு மணிக்கே வரிசை. அதே ஆட்கள் பாதிப் பேர்.

அவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, சாமிகளின் காலைத் தாராளமாகத் தொடுங்கள், யார் வேண்டாமென்றது? தொடுகிறபோது ஒரு தரம் கண்ணைத் திறந்து, அந்தக் கால் எதை மிதித்துக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள்.